சாம்பல் நிறக் கோட்டு

மார்த்திக், 1934

அன்புள்ளவருக்கு,

பழக்கத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

தண்ணீரில் மிதந்து கிளம்பும் உங்கள் வேவு விமானம் போல இன்னொன்று கட்ட வேண்டாம் என்று கடற்படை சொல்லிவிட்டதாமே. வேகம் போதவில்லையாம். அது ஏரியில் மூக்குக் குத்தி விழுந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். உங்களுக்கு நிம்மதிதான்.

அதிகாரிகள் பார்க்க வரும் நாளில், வரைந்து கட்டியவரே முன் இருக்கையில் உட்கார்ந்து பறக்க வேண்டும் என்பது உங்கள் பட்டறை வழக்கம். அன்றைக்கென்று உங்களுக்கு முதுகுவலி வந்தது. உங்களுக்குப் பதிலாக என் தம்பி அன்செல்ம் சிரித்துக்கொண்டே ஏறினான்.

"அத்தான், இது பறக்குமா, நீந்துமா? ரெண்டுல ஒண்ணாவது உருப்படியா செய்யுமில்ல?"

"வாயை மூடிட்டு உக்காருடா" என்றீர்கள். அவனிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். அடக்கத்தன்றுகூட நீங்கள் கொட்டகையில் உடைந்த மிதவையை அளந்துகொண்டிருந்தீர்கள்.

பாரீசுக்குப் போய் அமைச்சரிடம் மறுபடி கேட்க வேண்டும், சாம்பல் நிறக் கோட்டை அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப முடியாது. அன்செல்மிடம் நல்ல கோட்டு கிடையாது. சவப்பெட்டியை மூடும்போது அவன் உங்களுடையதைத்தான் போட்டிருந்தான். தோள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா