மங்கிய சிவப்பில் தெரிந்த கோடு

இல்லை, இன்னும் அனுப்பவில்லை. வழியில் தொலையவில்லை, நான் மறக்கவும் இல்லை. கண்ணாடி மறுபடி சூளைக்குள் இருக்கிறது. நீ தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் இதோ ஆகிவிட்டது, அதோ ஆகிவிட்டது என்று சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது, அதனால் எழுதுகிறேன். எழுதினால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் உன் அப்பாவுக்குக் கேட்காது. என் சில்வண்டே, இங்கே எங்கள் இருவருக்கும் நடமாடும் அளவுக்கு உடம்பு இருக்கிறது, உனக்கு அங்கே ஓடியாடும் அளவுக்கு இருக்க வேண்டும். உன் சித்திக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. எதிர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள், நாள் முழுக்கத் தூசி, துடைத்த மேசையைத் திரும்பத் துடைக்கிறேன். துடைக்க ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதான்.

உன் புது வீட்டுக் கதவின் நடுவே ஒரு சதுரத்தைக் காலியாக விட்டு அட்டை வைத்து அடைத்திருக்கிறாய், அந்தச் சதுரத்துக்காகத்தான் இவ்வளவும். படம் அப்பா போட்டது, உனக்குத் தெரியும். நம் பின் ஜன்னலிலிருந்து தெரியும் எதிர் மாடி, நாலு கால் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, குறுக்கே ஓடும் கம்பிகள். ஆயுள் முழுக்கக் கட்டட அலுவலகத்தில் வரைபடக் கோடு போட்டே குடும்பம் நடத்தியவர், பழுப்புக் காகிதத்தில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து போட்டார். உனக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. மாடிச் சுவரின் மேல் விளிம்பு இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரு கோடு போட்டிருக்கிறார், போட்டது கண்ணில் படவில்லை, அதனால் கொஞ்சம் கீழே இன்னொன்று. நான் சொல்லவில்லை. இரண்டு கோட்டுக்கும் இரண்டு கறுப்புக் கண்ணாடிக் கீற்று வெட்டி வைத்தேன். திருத்தினால் அது என் படம் ஆகிவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான் காரணம்.

இந்த வேலையைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சின்ன வயதில் நீ சூளை அறைப் பக்கமே வரமாட்டாய். வெட்டிய கண்ணாடித் துண்டுகளை ஒரு பலகைக் கண்ணாடிமேல் அடுக்கி மூடியைச் சாத்திச் சூடேற்றினால் எல்லாம் இளகி ஒரே தகடு ஆகும். அது சுலபம். சூட்டில் எதுவும் எதோடும் ஒட்டும். தகராறெல்லாம் ஆறும்போதுதான். மெல்ல ஆற வேண்டும், சீராக ஆற வேண்டும், சிவப்பு மங்கி இறுகத் தொடங்கும் நேரத்தில் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு பக்கம் காற்றுப் பட்டு முந்திக்கொண்டால் போதும், கண்ணாடி தன்னையே இழுத்துக் கிழித்துக்கொள்ளும். கல்யாணமும் இப்படித்தானே அக்கா, சூட்டோட எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பாள் சித்தி.

முதல் முறை எடுத்தபோது தொட்டியின் காலிலிருந்து மூலை வரை ஒரு விரிசல். நான் அவசரமாக ஆறவிட்டதுதான் காரணம் என்று நினைத்தேன். விரிசலோடு உடைத்து, மறுபடி சேர்த்து வைத்து, இடைவெளியில் கண்ணாடித் தூள் தூவி, முன்னைவிட மெதுவாக ஆறும்படி வைத்துத் திரும்ப ஏற்றினேன். பழைய விரிசல் ஒரு வெளிர் தழும்பாக மூடியிருந்தது. புதிதாக வேறொன்று, துணிக்கொடியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு. கண்ணாடிக்கடைக்காரரிடம் போய் இரண்டு சாதிக் கண்ணாடியைக் கலந்து கொடுத்துவிட்டீர்கள், அதனால்தான் சேரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் சரக்கைக் குறை சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா, வேணும்னா உங்க சூளைய டாக்டர்கிட்டக் காட்டுங்க என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். மறுபடி தூள், மறுபடி சூளை, இன்னும் மெதுவாக. மூன்றாவது விரிசல். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஓரங்கள் கொஞ்சம் உருண்டுபோகின்றன, கம்பிகள் தடிக்கின்றன, நீலத்தின்மேல் பால் ஏடு மாதிரி ஒரு வெண்மை படிகிறது. சரிசெய்யச் சரிசெய்ய அது வேறு எதுவோ ஆகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது விரிசலைப் பார்த்த அன்று மதியம் அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன், இப்போது நான்தான் செய்கிறேன், அவர் செய்தால் பாதிக் கன்னம் மிச்சம் இருக்கும். நுரையைத் துடைக்கும்போது பார்த்தேன். இரண்டு புருவமும் ஓரத்தில் பொசுங்கியிருந்தன. தொட்டதும் உதிர்ந்தன. துண்டை அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன். பிறகு, சூளை மூடியைத் திறந்தீர்களா என்று கேட்டேன். மறைக்கவில்லை. ஆமா, தொறந்தேன், நீ கடைக்குப் போனப்பல்லாம் தொறந்தேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். தெரியுது, அதான் என்றார்.

மருத்துவரிடம் போய்வந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. கண்ணின் பின்திரை கருகிக்கொண்டே வருகிறதாம். நிறுத்த முடியாது. மருந்துச் சீட்டில் எதுவும் எழுதவில்லை, எழுதாமல் அனுப்பிய மருத்துவரை என் வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். ஜன்னலோரம் உட்காரவைத்தால் அப்பாவுக்கு எல்லாம் ஒரே வெள்ளை, மூடுபனி மாதிரி. ஆறிய கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலும் அதே வெள்ளை. இருட்டில் தனியாக எரிகிற ஒன்றுதான் அவருக்கு இன்னும் பிடிபடுகிறது, அடுப்புச் சுடர், சாமான் அறை விளக்கு. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது நான் ஒரு கணம் திறந்து பார்ப்பேன், அப்போது திறந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உள்ளே எல்லாம் ஒரே தகதகப்பு, ஒன்றும் பிரியாது. சூடு இறங்கி மங்கிய சிவப்பாகும்போதுதான் கறுப்புக் கீற்றுகள் தனியாக எழுந்து நிற்கின்றனவாம். திறக்கவே கூடாத நேரம் அது. அவர் பார்க்கக்கூடிய நேரமும் அதுதான். நானோ விரிசலுக்குப் பயந்து ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பை இன்னும் நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன பார்த்தார் என்று கேட்டேன். தொட்டிக்கு நாலு காலும் சரியா வந்திருக்கு என்றார். பிறகு, சுவத்துக்கு ரெண்டு கோடு போட்டிருக்கேன் போல, ஏன் சொல்லல, இத்தன வருஷம் கோடு போட்டவன் மக வீட்டுக் கதவுலயே தப்பா தொங்கணுமா, அவ வீட்டுக்கு வர்றவன்லாம் பாத்துட்டுப் போவான் என்றார். கோபம் இல்லை. கையால் தொடையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், இங்கே ஒன்றுதான் என்று. அதை எடுத்துவிடு என்றார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை. கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, நீ எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. சித்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணு தெரியாதவரு திருத்தச் சொல்றாரு, கண்ணு தெரியறவ தப்ப அப்படியே வச்சிருக்கா, நல்ல ஜோடி என்று சொல்லிப் போனாள். வாசலில் செருப்பைத் தேடும் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பார்த்தேன்.

கீழ்க் கோட்டை எடுத்துவிட்டேன். உருகிச் சேர்ந்ததைப் பிரிக்க முடியாது, அந்தப் பட்டையையே அறுத்தெடுத்து அதன் இடத்தில் சுவரின் அதே மஞ்சளில் வேறு துண்டு வைத்தேன். பொருந்தவில்லை, புதிய மஞ்சள் பளிச்சென்று நிற்கிறது, மற்றது பலமுறை வெந்து சோர்ந்துபோனது. கடைக்காரரிடம் போய் என் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் கொண்டுபோன துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதுக்கு மேல இது தாங்காதும்மா, இன்னொரு வாட்டி உடஞ்சா தூளாத்தான் அள்ளணும் என்றார். நான் இப்போது எழுதுவது சூளை அறையில் இருந்து. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன், கடிதம் எழுத ஒரு சின்ன விளக்கு மட்டும். சூடு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டது. மூடியைச் சாத்தியபடியே விட்டால் இந்த முறை முழுசாக வரும் என்று நினைக்கிறேன், அவர் திறக்காவிட்டால் வேறு திறக்க ஆள் இல்லை. முழுசாக வந்தால் உன் கதவில் இருக்கும். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். கோடு ஒன்றுதான் என்று நான் சொல்லுவேன், அவர் சரி என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சூளை முனகும் சத்தத்தை வைத்தே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார், ஆனால் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார், திறக்கமாட்டேன் என்று எனக்குக் காட்டுவது போல.

மழைக்கப்புறம் வருகிறேன் என்றாய். வா. உன் முகம் அவருக்குத் தெரியாது, குரல் தெரியும், அதனால் வாசலிலேயே பேசிக்கொண்டு வா. அழுதுகொண்டு வராதே, அந்தக் குரலை அவருக்குப் பழக்கமில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ இருக்கும் இடத்தில் உனக்கு எதுவும் மங்காமல் இருக்க வேண்டும், நாங்கள் இருவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறோம். ஒன்று மறக்காதே, இது வம்சத்தில் வருகிற வியாதி என்றார் மருத்துவர். ஒரு நாள் விடுப்புப் போட்டு உன் கண்ணைக் காட்டிவிடு. என்ன சொன்னார்கள் என்று எனக்கு மட்டும் எழுது.

உன் அம்மா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் விளக்கை அணைத்தேன். அவருடைய நாற்காலியைச் சூளைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, புருவத்தில் ஈரத்துணி வைத்துக் கட்டி, சிவப்பு மங்கும் நேரத்தில் மூடியை நானே திறந்து பிடித்துக்கொண்டேன். ஒரு கோடுதான் என்றார். போதும் என்று அவர் சொல்லும் வரை பிடித்திருந்தேன். உன் கதவில் இருக்கும் அட்டை அப்படியே இருக்கட்டும்.