பெட்டியின் பின்பக்கம்

14 ஜூன் 2004
கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. சுந்தரமூர்த்தி சார் ஆபீசையே எழுப்பி நிற்கவைத்து, பெட்டியின் மேல் இருந்ததைப் படித்துக் காட்டினார். 256 எம்.பி. மெமரி! 256 பிட்! பிட் என்றால் என்ன சார் என்று கேட்டேன். “நெறைய இருந்தா நல்லதும்மா” என்றார். இன்னும் கட்டாத வீடுகளைத் திரையில் நடந்து பார்க்க வைக்கும் கம்பெனிக்கு இவர் முதலாளி.

15 ஜூன்
“நம்ம மெஷின்ல இருக்கிறது 250 வாட் பவர் சப்ளை. இதுக்குப் பத்தாது சார்.”
“பெட்டியில என்ன போட்டிருக்குன்னு படிம்மா.”
படித்ததால்தானே சொல்கிறேன்! பின்பக்கம், பொடி எழுத்தில்: குறைந்தது 400 வாட். முன்பக்கம் டிராகன் படம். அதைத் தாண்டி அவர் கண் போகாது.

22 ஜூன்
திரையில் வீட்டைச் சுற்றி நடந்து நீச்சல் குளத்துக்கு வந்ததும் மெஷின் அணைந்துவிடுகிறது. கரண்ட் சரியில்லை என்கிறார் சார். தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது.
ஒன்றாம் தேதி டெமோ. வீடுகளைக் கட்டப்போகும் பில்டர் கையெழுத்துப் போட்டால் நான்தான் டீமுக்கு லீட் — சார் தன் வாயால் சொன்னது. நாலு வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன். இந்த டப்பா கவிழ்த்துவிடுமா?

30 ஜூன்
புதுக் கார்டை யாருக்கும் தெரியாமல் கழற்றி என் டிராயரில் போட்டுவிட்டேன். பழைய கார்டை மாட்டி, அது தாங்காத மர நிழல்களை எல்லாம் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். அணையாமல் ஓடுகிறது.

1 ஜூலை
பில்டர் “ஏக் நம்பர்!” என்று இந்தியில் மெச்சினார். உடனே நம்ம சார் எழுந்து, புதுக் கார்டு, நிழலைப் பாருங்கள் என்று அவரும் இந்தியில், “நயா கார்டு ஹை சாப், ஷேடோ தேகியே!” இல்லாத நிழலை இரண்டு பேரும் தலையாட்டி ரசித்தார்கள். கையெழுத்தும் ஆயிற்று.

2 ஜூலை
லீட் தினேஷாம். சாரின் மச்சினன். மௌஸைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது.
“இந்தக் கார்டு இருந்தா யாரு வேணும்னாலும் பண்ணலாம் வனஜா. நீ கூட இருந்து ஹெல்ப் பண்ணு.”
எந்தக் கார்டுய்யா? வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா மட்டும் என்னத்தைக் கிழிச்சிருப்பாரு? வீட்டுக்குப் போற லோக்கல் ட்ரெயின்ல, தேஹு ரோடு ஸ்டேஷன் வர்ற வரைக்கும் அழுதுகிட்டே வந்தேன். இந்தத் தடிமாடுகளுக்காகவா அழறது? சே.

5 ஜூலை
ராஜினாமா கொடுத்தாயிற்று.

30 ஜூலை
கடைசி நாள். கிளம்பும் முன் அவருடைய கார்டை மெஷினில் திருப்பி மாட்டினேன். ஆபீஸ் சொத்து என் டிராயரில் எதற்கு?

9 ஆகஸ்ட்
புது ஆபீசில் இருக்கும்போது சார் போன் செய்தார். பில்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாராம். குளத்துக்கு வந்ததும் மெஷின் அணைந்துவிடுகிறதாம். தினேஷ் மேஜைக்கடியில் ஒயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறானாம்.
“நீ ஏதாச்சும் பண்ணினியாம்மா?”
“பெட்டியில என்ன போட்டிருக்குன்னு படிங்க சார்.”
முன்பக்கத்தைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார். 256 எம்.பி. மெமரி, 256 பிட்...
போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.