நல்ல சேதிக்குப் பரிசு

கோச்கோர்,
சனிக்கிழமை.

ஐசிரெக்கின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாஸ்கோவில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மகளுக்கு இருமல் நின்றுவிட்டது. கூரை ஓட்டையை உங்கள் அண்ணன் அடைத்தார். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் இதை மாஸ்கோ வரும் பேருந்து டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

"கிரிப்டோல போட்டது மூணு மடங்கா நிக்குது, வரி கட்டினாத்தான் எடுக்க விடுவாங்களாம், குதிரைய வித்து அனுப்பு" என்று சொல்லியிருந்தீர்கள். கேட்டேன்.

எதிர்வீட்டு புருல்ச்சா அக்காவும் அதில் கொஞ்சம் போட்டிருந்தாள். அவளுக்கும் இப்படித்தான் ஒருத்தி போன் செய்தாள். நம் மொழியிலேயே, "அக்கா, நல்ல சேதி! உங்க காயின் ஏறிடுச்சு, சூயுஞ்சு குடுங்க!" என்றாளாம். நல்ல சேதி சொன்ன வாயைப் பரிசு கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் நமக்கு ஏது? அக்கா பணம் அனுப்பினாள். பிறகு அந்தப் போன்காரி வரி என்றாள், அதையும் அக்கா அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை. லாபம் மட்டும் போனில் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. "இதோ இருக்கு பாருடி" என்று வந்து காட்டினாள். "இருக்கட்டும்க்கா, அதுல ஒரு ரொட்டி வாங்கிக் காட்டு" என்றேன். அழுதுவிட்டாள். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நம் ஊர்க்காரன் என்று சொல்லி உங்களை இதில் சேர்த்துவிட்ட அந்தத் தம்பியை நேரில் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் இணையத்தில் போட்ட படங்களில் இல்லாத ஒன்றையாவது நம் ஊரைப் பற்றிச் சொன்னானா? வரியை அந்த லாபத்திலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழிக்க மாட்டான். கழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

குதிரையை விற்கவில்லை. விற்கவும் மாட்டேன். கேட்டு வந்த எசென்பாயிடம் சினையாக இருக்கிறது, இப்போது கொடுக்க முடியாது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கோபம் இருக்கிறது. கூரைக்கு வைத்திருந்ததையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிருக்கிறீர்கள். அதற்கு நேரில்தான் திட்ட வேண்டும், கடிதத்தில் பத்தாது.

பணம் கைக்கு வராமல் ஊர்ப்பக்கம் முகம் காட்ட மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னீர்களாம். அது வராது. நீங்கள் வாருங்கள், வெறுங்கையோடு வாருங்கள். பேருந்தில் நீங்கள் வந்து இறங்கியதை முதலில் ஓடிவந்து சொல்பவருக்கு என் கம்பளிச் சால்வையை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இனி அந்த ஒரு சேதிக்குத்தான் சூயுஞ்சு.

உங்கள் வழி வெளிச்சமாக இருக்கட்டும்.

பெகிமாய்