வாசிக்காமல் விட்ட பந்தி

அந்தப் பந்தியை நான் தெரிந்துதான் விட்டேன். கண் தவறவில்லை, களைப்பும் இல்லை. திரையில் அது இருந்தது, எனக்கு அதை வாசிக்கத் தெரிந்தும் இருந்தது, அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். அன்று கல்லூரி நூலகத்தில் உன்னிடம் நான் சொல்லாதது இதுதான்.

இதை எழுதும்போது அந்தக் கோப்பு என் மடிக்கணினியில் திறந்திருக்கிறது. கொட்டாஞ்சேனைத் தட்டச்சுக் கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த உன் கடைசி அத்தியாயம். புதிய கணினியிலும் அதே கோலம்தான். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். யாருக்கும் அது ஒன்றுமில்லை. எனக்கு அது ‘அம்மா’.

நம் நூலகத்தை இப்போது நினைத்தால் முதலில் வருவது அந்த பிரிண்டரின் சூடான தாள் வாசம். எட்டுக் கணினிகளில் இரண்டு எப்போதும் வேலை செய்யாது. மிச்சம் ஆறுக்கு முன்னால் வரிசை, ஆளுக்கு அரை மணித்தியாலம், பதிவுப் புத்தகத்தில் பெயர். தாளை நாங்களே கொண்டுவர வேண்டும். நீ கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய், மழை நாளில் உன் தலை நனைந்திருக்கும், பொலித்தீன் பையில் சுற்றிய தாள்கட்டு நனைந்திருக்காது. அச்சுக்குக் கொடுக்க முன் எழுதியதை முழுக்கச் சத்தமாக வாசிப்பாய். நூலகம் என்பது உனக்கு ஒரு பொருட்டே இல்லை. “எழுதுறவ காதுக்கே பிடிக்கலைன்னா வாசிக்கிறவனுக்கு எப்படிடி பிடிக்கும்?” என்பாய்.

அந்தப் பஸ் பயணத்தில் நீ களைத்துப் போயிருந்த நேரத்தில்தான் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேலறையைப் பற்றிச் சொன்னேன். கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம். “சும்மாதான் கிடக்குது. அம்மாட்டப் போய்க் கேள்,” என்றேன். எனக்கு அன்று வகுப்பு இருந்தது, நீ தனியாகப் போனாய். மறுநாள் வந்து, “ரூம் போயிருச்சாம்டி. ஆனா உங்கம்மா டீ எல்லாம் குடுத்தாங்க, பிஸ்கட்டோட,” என்றாய்.

“அப்பிடியோ,” என்றேன்.

அறை போகவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, “எஸ்டேட் பக்கத்துப் பிள்ளையாம். பிறகு ஆர் ஆர் வந்து நிப்பினமோ தெரியாது,” என்றார். ஒரு பின்னேரம் முழுக்க அம்மாவோடு சண்டை பிடித்தேன். அடுத்த பின்னேரம் பிடிக்கவில்லை. உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, கிருலப்பனையில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு இடம் பார்த்துக்கொண்டாய்.

உன் ஆய்வறிக்கையின் தலைப்பே அதுதான் என்று எனக்குத் தெரியும்: மலையகத்திலிருந்து படிக்கவும் வேலைக்கும் வரும் பெண்கள் கொழும்பில் அறை தேடும் கதை. இருபது பெண்களிடம் கதைத்திருந்தாய். கடைசி அத்தியாயத்தில் உன்னுடையதையும் எழுதியிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அது வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குள் இரண்டு பிரதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உனக்கு ஒரு வருடம் போகும். வெள்ளியில் நூலகத்து அச்சு இரண்டு மணியோடு நின்றுவிடும். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் தயார். கடைசி ஐந்து பக்கத்தை மட்டும், நேரம் இல்லாததால், கையால் எழுதி, அக்கா வீட்டுப் பக்கத்துக் கடையில் கொடுத்து அடிப்பித்திருந்தாய். கையெழுத்துத் தாள்கள் கடையிலேயே கிடந்தன. பதினொன்றே முக்காலுக்கு பென்டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தாய்.

“ஐயோ, என்னடி இது? சைனீஸா?”

நூலக உதவியாளரை நாம் எல்லோரும் சிங்களத்தில் அண்ணா என்ற பொருளில் அய்யே என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “மே மொகக்த நங்கி? வைரஸ் எகக்த?” இது என்ன தங்கச்சி, வைரஸா என்று கேட்டார். அவருக்கு வைரஸ் என்றால் பாம்பைவிடப் பயம். வைரஸ் இல்லை, எழுத்துரு இல்லாததுதான் பிழை என்று நான் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். புதிதாக எழுத்துரு போடக் கடவுச்சொல் வேண்டும். “பாஸ்வேட் எக சேர் ளங்க. சேர் அத நிவாடு,” என்று கையை விரித்தார். கடவுச்சொல் பொறுப்பாளரிடம், அவர் அன்று லீவு.

“கடைக்கு ஃபோன் அடி,” என்றேன்.

“வெள்ளிக்கிழமைடி. கடைக்கார நானா தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருப்பாரு. ரெண்டு மணிக்கு முன்னாடி கடை தொறக்க மாட்டாரு.”

இப்படிப்பட்ட கோப்பை ஒரு நிமிடத்தில் மாற்றித்தரும் தளங்கள் இருக்கின்றன என்று இன்று எனக்குத் தெரியும். அன்று இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயில் ஆண்டு மலருக்காக அப்பா பாமினியில் அடிப்பார், அவரிடம் நானும் பழகியிருந்தேன். எந்த விசையில் எந்தத் தமிழெழுத்து என்று என் விரல்களுக்குத் தெரியும். திரையைப் பார்த்தேன், முதல் வரியை வாசித்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

“நீ மனுசிதானா?”

“கதைக்காமல் அடி.”

உனக்கு பாமினி தெரியாது, ஆனால் ஃபோனில் அடிப்பது போல ஆங்கில விசையில் தமிழ் அடிப்பதில் உன்னை வெல்ல ஆளில்லை. நான் வாசிக்க நீ அடித்தாய். அரை மணித்தியாலம் முடிந்ததும் பின்னால் நின்றவள் கனைத்தாள். அய்யே பதிவுப் புத்தகத்தை இழுத்து உன் பெயரை இன்னொரு முறை எழுதினார், பிறகு அரை மணிக்கொரு தடவை. “இக்மன் கரன்ன, நங்கி,” என்று, சீக்கிரம் முடிக்கச் சொல்லி மணிக்கூட்டைக் காட்டினார்.

இடையில் நீ கையை நிறுத்தினாய். “ஏய், ‘வருவினம்’னு நான் எழுதியிருக்க மாட்டேன்.”

“வருவார்கள் எண்டுதான் இருக்குது. வாய் அப்பிடிப் போகுது, நான் என்ன செய்ய?”

“உங்க வாயை வெள்ளவத்தையிலேயே வச்சிட்டு வா,” என்று சிரித்தாய்.

நான்காம் பக்கத்தில் அது வந்தது. ‘வெள்ளவத்தையில் என் தோழியின் வீட்டுக்கு அறை கேட்டுப் போனேன். தேநீர் தந்தார்கள். ஊர் கேட்டார்கள். சொன்னதும் அறை போய்விட்டது.’

அந்த வரிகளை அந்த நூலகத்தில் வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். மூச்சை இழுத்துக்கொண்டு, “அடுத்ததாக, வாடகை வீடுகளின் உரிமையாளர்கள்,” என்று அதற்கடுத்த பந்தியைத் தொடங்கினேன்.

“இரு,” என்றாய்.

உன் விரல்கள் நிற்கவில்லை. நான் சொல்லாத எதையோ நீ அடித்துக்கொண்டிருந்தாய். முந்திய வரியைத் திருத்துகிறாய் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், “ம், இப்ப சொல்லு,” என்றாய். சொன்னேன்.

ஒன்று ஐம்பதுக்கு அய்யே அச்சுக்கு விட்டார். நீ தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இரண்டு பிரதிகளையும் அடுக்கினாய். நான் நான்காம் பக்கத்தை எடுத்தேன். பந்தி அங்கே இருந்தது. தேநீர், ஊர், போய்விட்ட அறை, எல்லாம் அப்படியே. முதல் வரி மட்டும் மாறியிருந்தது: ‘வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு அறை கேட்டுப் போனேன்.’

‘என் தோழியின்’ இல்லை.

அறை அன்று காலியாக இருந்தது உனக்கு முதலிலிருந்தே தெரியும். நான் பந்தியை விட்டதும் உனக்குத் தெரியும். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், நானும் பார்த்தேன். “பக்க நம்பர் சரியான்னு பாரு,” என்றாய். “சரி,” என்றேன். படியேறி ஓடினோம். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நீ எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாய், நான் சாப்பிட்டேன்.

குற்றவுணர்ச்சி என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. வெட்கப்பட்டேன், அது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது, பின்னால் வரிசை நின்றது. அந்த இரண்டு நிமிடத்துக்குள், எங்கள் வீட்டில் நடந்ததை ஒன்றும் குறையாமல் திருப்பி எழுதினாய், என்னை மட்டும் அதிலிருந்து வெளியே எடுத்துவிட்டாய். உண்மையையும் கைவிடவில்லை, என்னையும் கைவிடவில்லை. அப்படி இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்களை நான் படித்த புத்தகங்களில்கூட அதிகம் சந்திக்கவில்லை. இப்போது என் வேலை மற்றவர்கள் எழுதுவதைச் செப்பனிடுவது. எனக்குப் பிடிக்காத பந்தி வரும்போது குரல் தாழாமல் வாசித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறேன்.

நீ தேர்வில் சித்தியடைந்தாய், வேலையும் கிடைத்தது. அடுத்த வருடத்து மழையில் டெங்கு. களுபோவிலை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். உன் உடலை ஊருக்குக் கொண்டுபோன வாகனத்துக்குப் பின்னால் பஸ்ஸில் நானும் வந்தேன்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்று நீ அச்சடித்ததை அல்ல, இந்தப் பழைய கோப்பைத் திறந்து, ‘என் தோழியின் வீட்டுக்கு’ என்பதோடு சேர்த்து அந்தப் பந்தியை வாசித்தேன்.

“எங்கட வீடோ?” என்றார் அம்மா.

“ஓம்.”

“பேர் போட்டிருக்கிறாளோ?”

“இல்லை. குடுத்த அறிக்கையில தோழி எண்டதையும் எடுத்திட்டாள்.”

அம்மா இன்னொரு காயை எடுத்து முறித்தார். “தேத்தண்ணி குடுத்தனான்தானே,” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அறை கேட்டு ஒரு பெண் வந்தாள், தாதிப் பயிற்சிக்கு வந்தவள். அம்மா தேநீர் கொடுத்தார். ஊர் கேட்டார். “பண்டாரவளை பக்கம் ஆன்ட்டி, எஸ்டேட்,” என்றாள் அவள். அம்மா என்னைப் பார்த்தார். “அறை வந்து...” என்று தொடங்கினார்.

“அறை இருக்குது,” என்றேன். “மேல வாங்கோ, காட்டுறன்.”

அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பெண் மேலறையில்தான் இருக்கிறாள்.