ஒரு விரல் கோணல்

மார்ச் 4, செவ்வாய்

பால் தீய்ந்துவிட்டது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே வாடை வந்தது. ஓடி இறங்கினால், அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படகுக்கு வாங்கிய ஸ்க்ரூக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் இவர். பாத்திரம் கரிக்கட்டை.

"என்னங்க, பக்கத்துலயே தீயுதே."

"கவனிக்கல." தலை நிமிரவில்லை.

அதுதான் என் வருத்தமும். ஜனவரியில் அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து இவர் எதையும் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பூண்டு வதக்குறியா?" என்று குரல் வரும். நேராக அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்து பார்ப்பார், திட்டு வாங்கிக்கொண்டு போவார். இப்போது போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துபோகிறார். போன வாரம் வேறு தலை எண்ணெய் மாற்றினேன். தெருவில் போகிறவள் கேட்டாள். இவர் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நான் சலித்துப்போய்விட்டேனா? கேட்க வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

மார்ச் 7, வெள்ளி

படகுக்குப் போனோம். எங்கள் மகளைவிட வயதில் மூத்த மோட்டார் படகு. தன் மெக்கானிக் ஷெட்டை மூடிய கையோடு இதை வாங்கி, வேலியில் போன ஓணானைப் பிடித்து விட்டுக்கொண்டார் மனிதர். எஞ்சின் அவர் பொறுப்பு. உள்ளே சீட்டும் பக்கப் பலகைகளும் என் பொறுப்பு, சோபா உறையும் திரைச்சீலையும் தைக்கிறவளாயிற்றே.

இரண்டு பக்கப் பலகைகளையும் கழற்றினோம். ரெக்சின் வெடித்து ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்த ப்ளைவுட் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. பின்னால் இருக்கும் சட்டமும் போயிருந்தால் படகே போச்சு என்று எனக்குப் பயம். இவர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டிப் பார்த்தார். "உடம்பு கெட்டி. சட்டைதான் கிழிஞ்சிருக்கு" என்று சிரித்தார்.

படகைப் பார்த்துத்தான் சிரித்தார்.

16ஆம் தேதி மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அதற்குள் முடிய வேண்டுமாம்.

மார்ச் 10, திங்கள்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குத் துணியை மடித்துப் போட்டு வெட்டித்தான் பழக்கம். ஒரு வெட்டில் இடதும் வலதும் ஜோடியாக வந்துவிடும். மரத்தை மடிக்க முடியுமா? பழைய இடது பலகையை அச்சாக வைத்து இரண்டு ப்ளைவுட் வெட்டினேன். வார்னிஷ் அடித்து, ஸ்பாஞ்ச் வைத்து, மேலே நீலமும் கீழே வெள்ளையுமாக ரெக்சின் ஒட்டி, பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்து, அழகாகக் கொண்டுபோய் வைத்தால் இரண்டுமே இடது பக்கத்துக்குத்தான் பொருந்துகிறது.

"படகுக்கு ரெண்டு இடது பக்கமா?" என்றார் இவர்.

பழைய ஆளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார். ஒரு கேள்வியோடு எஞ்சின் பக்கம் போய்விட்டார். கேலிக்குக்கூட நான் ஆகவில்லையா?

மார்ச் 12, புதன்

ஒரு பலகையை உரித்துத் திருப்பி மறுபக்கம் ஒட்டினேன். புதிதாக வெட்ட ரெக்சின் போதாது. பழையதையே இழுத்துப் பிடித்ததில் நீலமும் வெள்ளையும் சேரும் தையல் ஒரு விரல் கீழே இறங்கிவிட்டது. சீட்டுத் தையலோடு சேரவில்லை. படகுதான் கோணல் என்றேன்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார். அப்பாடா, இவ்வளவாவது வந்ததே.

மார்ச் 14, வெள்ளி

படகு டேங்கை நிரப்பிவிட்டார். நேற்று ஓரங்களில் இன்னொரு கை பசை தடவியிருந்தேன், உள்ளே குப்பென்று அடித்தது. நாள் முழுக்க அந்தப் பசையிலேயே கிடக்கிற மூக்கு, எது எதுவென்று எனக்கும் பிரியவில்லை.

"வாடை ரொம்ப இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"பசைதான். காஞ்சா போயிடும்." உடனே சொன்னார், யோசிக்கவே இல்லை.

மார்ச் 15, சனி

வாடை போகவில்லை. பசை ஒரே நாளில் காய்ந்துவிடுமே?

மார்ச் 16, ஞாயிறு

 இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் அந்த ஒரு விரல் கோணல் என்னை விடவில்லை. மாப்பிள்ளை கண்ணில் படுமே. பலகையை ஒரு விரல் தூக்கி வைத்துத் திருகினால் சரியாகிவிடும் என்று போனேன். "அதை யாரு பாக்கப் போறாங்க?" என்று அலுத்துக்கொண்டு இவரும் வந்தார், ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தார். நான் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை இழுத்தேன்.

பெட்ரோல். பசை இல்ல, பெட்ரோல். மேலே ஊத்துற வாயிலேர்ந்து டேங்குக்குப் போற ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு. ஊத்தினதுல பாதி அந்த வழியா இறங்கி, அடித்தட்டுல பளபளன்னு நிக்குது. நிமிர்ந்தா இவர் கை சாவில.

"சாவியத் தொடாதீங்க!"

கையை எடுத்தார். "ஏன்?"

ஏன்னு கேக்குறார்! எனக்குக் கண்ணே எரியுது, மூச்சு அடைக்குது. வாடையை வச்சே எந்த வண்டிக்கு என்ன நோவுன்னு சொன்ன மனுஷன், பச்சைக் குழந்தை மாதிரி என்னைப் பாக்குறார். அந்த முகத்தைப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது.

மூடிகளை எல்லாம் திறந்து போட்டுவிட்டு இறங்கிவிட்டோம். துறைக் காவலாளியிடம் சொல்லி யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டோம். துறையின் அந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

"காய்ச்சலுக்கு அப்புறம். எதுவுமே தெரியல. காப்பி, சோப்பு, எதுவுமே."

"அப்ப பசைன்னு சொன்னீங்களே?"

"நீதானே பசை தடவின. அதான் இருக்கும்னு நெனச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், அதையும் நான் தினம் பரிமாறியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் படகை விற்கச் சொல்வேனாம். அப்புறம் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ தூங்கும்போது உன் தலையை மோந்து பாத்தேன். ஒண்ணும் வரல. பக்கத்துல யாரோ படுத்திருக்கற மாதிரி இருந்துச்சு. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அழுதேன். சாகப் பார்த்தோமே என்றுதான் அழுகிறேன் என்று நினைத்து இவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் நிம்மதியில் அழுதேன். எனக்கு எத்தனை பெரிய நிம்மதி என்று இவருக்குச் சொன்னால்கூடப் புரியாது. இவருக்கு நான் சலித்துப்போய்விட்டேனோ என்று பயந்ததையும் சொன்னேன். "சலிச்சுப் போச்சா? நீயா?" என்று கேட்டு, நீண்ட நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

மத்தியானம் மகள் வந்து கரையில் நிற்கும் படகைப் பார்த்தாள். விஷயம் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா மூக்கு போனது இருக்கட்டும். உன் மூக்கு நல்லாத்தானே இருக்கு, ரெண்டு நாளா அது என்னம்மா பண்ணிச்சு?" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் பார்த்தார். சிலருக்கு மெல்லத் திரும்புமாம், சிலருக்குத் திரும்பாதாம். தினம் நாலு வாசனையை எடுத்து மோந்து பழகச் சொல்லியிருக்கிறார். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் எடுத்து வைத்தேன். நாலாவதாக என் தலை எண்ணெயைக் கேட்டார். இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

மார்ச் 24, திங்கள்

குழாய் புதிது. அடித்தட்டைத் துடைத்துக் கழுவிக் காயவிட்டாயிற்று. கோணல்தான் நம்மைக் காப்பாற்றியது, அப்படியே விடு என்கிறார். விடுவேனா? கோணல் கோணல்தான். தூக்கி வைத்துத் திருகிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஓட்டினோம். கிளப்புவதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்து, "ம், கிளப்புங்க" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி கிளப்பினார்.

ஏப்ரல் 9, புதன்

என் தையல் கடையில் இரண்டு திரைச்சீலை பாக்கி. நாலு மணிக்கு வாசலில் இவர், கையில் படகுச் சாவி. நான் வேலை இருக்கிறது என்றேன்.

"முடி. நீ வந்து பாக்காம நான் கிளப்ப மாட்டேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தைக்கிறேன், இவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஊசிக்கு நூல்கூட ஒழுங்காகக் கோக்க வரவில்லை. ஒன்றை முடித்தேன். இன்னொன்றை நாளைக்குத் தருகிறேன் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டு, கடையைப் பூட்டினேன்.