போலிசை அழைத்தது நான்தான்

காப்பார்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் விஜயனுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்க மனம் வரவில்லை. பழனியப்பன் மாமாவிடம் இரண்டு சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். லாக்கப்புக்குள் விடுவார்களா, தெரியவில்லை.

போலிசைக் கூப்பிட்டது பக்கத்து வீட்டுத் தம்புசாமி என்றும், வெளியே வந்ததும் அவரைச் சும்மா விடமாட்டேன் என்றும் மாமாவிடம் சொன்னாயாம். போன் அவருடையது. பேசியது நான். "என் மகன் பொண்டாட்டிய அடிச்சே கொல்றான், சீக்கிரம் வாங்க" என்று சொன்னது நான்தான்.

தாமரை மறுபடியும் பேக்டரி வேலைக்குப் போகிறேன் என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. ஹெல்மெட்டால் அவள் வாயிலேயே அடித்தாய். விழுந்தவளை முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய் வயிற்றில் மிதித்தாய். "அப்பா, போதும்ப்பா" என்று காலைக் கட்டிக்கொண்ட அமுதவள்ளியைத் தூக்கி இரும்புக் கேட்டின்மேல் எறிந்தாய். ஆறு வயதுப் பிள்ளை. கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் கையைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் உதறிவிட்டு மறுபடியும் அவளிடமே போனாய். அப்போதுதான் ஓடினேன்.

தாமரையின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சித் தண்ணீரை உறிஞ்சித்தான் குடிக்கிறாள். பிள்ளைக்கு மாவுக்கட்டு. யாராவது கதவைத் திறந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் ஒரு காப்பகத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன்.

மாமா நேற்று வந்து, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாள்னு சொல்லிடுக்கா, ஒரே பிள்ளை லா" என்றான். பேத்தியும் வழுக்கித்தான் விழுந்தாளா என்று கேட்டேன். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். ஜாமீனுக்கு என்னை எதிர்பார்க்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. யாரோடும் சண்டைக்குப் போகாதே. முருகன் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

கிள்ளான் கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்களாம். வருவேன். பார்த்ததையெல்லாம் சொல்வேன். ஐயா, அதற்கு முன்னால் நீயே எழுந்து, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடு. பெற்றவளைச் சொல்ல வைக்காதே.

என்றும் உன் அம்மா,
இராஜம்மா