அப்பா எழுதாத அத்தியாயம்

அன்புள்ள கனகம் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானிடம்கூடக் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மா சொல்லச் சொல்ல தனம் எழுதுகிறேன், நடுவில் என் பேச்சும் வரும். இங்கே நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், பிலாயில் நீ வயிறாரச் சாப்பிடுகிறாயா என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அப்பா மைன்ஸில் நைட் ஷிப்ட், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறோம்.

உன் மாமியார் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னதைப் படித்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் தொடர்கதையில் விஷம் குடிக்கிற பெண் நீதான் என்று அவர்கள் கண்டுபிடித்ததில் தப்பில்லை, உன் கன்னத்து மச்சத்தைக்கூட அவர் விடவில்லையே. ஆனால் அவளுக்கு ஒரு காதலனைக் கற்பனையாகச் சேர்த்தாரே, அந்தப் பாவத்தை நாங்கள் மன்னிக்கமாட்டோம். போன வாரமும் மதராஸிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்க்க குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள், பெண் மனத்தை இப்படித் திறந்து காட்டிய நாவலாசிரியர் வேறு யாருமில்லை என்றார்கள். காபி கொண்டுபோன அம்மா, "என் மனசுல என்னா இருக்குதுன்னு கேளுங்களேன், சொல்றாரா பாப்போம்" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அப்பா அதையும் குறித்துக்கொண்டார்.

நீ போன பிறகு அவர் கிறுக்கலைப் பிரதி எடுப்பது நான்தான். பக்கம் பக்கமாக முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதுவார், நான் ஒன்று வைத்தால் தலையில் குட்டு. பத்திரிகைக்கு அனுப்புமுன் என் பிரதியை ஒருநாளும் பார்க்கமாட்டார், எழுதினதைத் திரும்பப் படிக்கிறவன் கணக்குப்பிள்ளை என்பார். அந்தத் திமிரில்தான் மாட்டிக்கொண்டார். இந்த மாத அத்தியாயத்தில் அவள் விஷம் குடித்த நாளை மறுபடி சொல்லியிருந்தார், அதில் காதலனை நான் எடுத்துவிட்டேன். ஆசிரியப் பயிற்சிக்கு நீ வாங்கிவந்த விண்ணப்பத்தை, "நீ போய்ட்டா என் பிரதிய எவ எழுதுவா" என்று கிழித்தாரே, அதனால்தான் அந்தப் பெண் விஷம் குடித்தாள் என்று எழுதினேன். அப்பன் மகளைத் தோளில் சுமந்து ஓடினான் என்று அவர் எழுதியிருந்ததை விட்டுவிட்டு, அம்மா ஆஸ்பத்திரி வண்டிக்கு ஓடியபோது அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "தொண்டைல எப்படி இருக்குது, சொல்லு" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதை அவர் நடையிலேயே எழுதினேன். உன் மச்சத்தை அவர் வைத்தார், அவர் பொடி டப்பாவை நான் வைத்தேன்.

நேற்று மந்தாரக்குப்பம் கடைக்கு இதழ் வந்துவிட்டது. ஒன்று உனக்குத் தபாலில் வருகிறது, அதை மாமியாருக்குச் சத்தமாகவே படித்துக் காட்டு. இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சக்கரபாணி மாமா அப்பா பேரைச் சொல்லியே, "ஏம்மா, கதைல வர்ற பொடிக்காரரு நம்ம வைத்திலிங்கம்தானா?" என்று கேட்டார். "ஒரே ஷிப்ட்டுதானங்க, அவரையே கேளுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். பிரதியைத் தொட்டவள் நான் ஒருத்திதான் அக்கா, அவருக்கு உடனே தெரிந்துவிடும். அம்மாவோ, "நிறுத்தாம எழுதுடி, அந்த மூஞ்சி போற போக்கப் பாக்கத்தான் முழிச்சிக்கினு உக்காந்திருக்கேன்" என்கிறாள்.

உன் மடியும் வீடும் நிறையட்டும், யார் முன்னாலும் தலை குனியாதே என்று அம்மா வாழ்த்துகிறாள். மறக்காமல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். இனி அவருக்குப் பிரதி எடுக்க இந்த வீட்டில் கை கிடையாது என்றும்

கதவு தட்டும் சத்தம். ஷிப்ட் இன்னும் முடியவில்லை. அம்மா கொண்டையை முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள், காயிதத்த பாவாடைல செருவிக்கடி, நானே போய்த் தொறக்கறேன் என்கிறா